ஒதில் கை வைத்த தண்ணீர்

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, குளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, ஒதில் ஃபாப்ரேக் முதலில் தண்ணீரை மோந்து பார்க்கிறார். சோதனைக் குப்பிகள் இருக்கும் பெட்டி பக்கத்திலேயே கிடக்கும். அதைத் திறப்பது அப்புறம்தான். ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். "குளோரின் வாடை குப்புன்னு அடிச்சா சுத்தம்னு நினைக்கிறாங்க. அழுக்கோட மல்லுக்கட்டிக் களைச்சுப்போன குளோரின்தான் அப்படி நாறும். நல்ல தண்ணிக்கு வாசனையே கிடையாது."

தெற்கு பிரான்சில் பெசியே நகருக்கு வடக்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வீடுகளில் நாற்பது நீச்சல் குளங்கள் அவர் பொறுப்பு. வயது ஐம்பத்தொன்பது. தலையில் கணவரின் பழைய ரக்பி கிளப் தொப்பி. பன்னிரண்டு அடித்தால் எந்த வேலையையும் அப்படியே போட்டுவிட்டு வேன் நிழலில் உட்கார்ந்து ரொட்டியும் தக்காளியும் தின்பார். அப்போது பிரான்ஸ் ஜனாதிபதியே கூப்பிட்டாலும் போனை எடுக்க மாட்டார். தண்ணீரை ஒரு பெண்ணாகவேதான் பேசுவார். "இவளுக்கு வயிறு சரியில்ல." "இவ கோவமா இருக்கா, இன்னிக்கு விட்டுடுங்க."

இந்த ஜூலையில், அந்தப் பக்கத்திலேயே குடியிருக்கும் அர்மாந்த் அம்மாள் ஒதிலுக்குப் போன் போட்டு அழுதார். அவர் கணவர் ஃபெர்னான் லாரி ஓட்டியவர். போன குளிர்காலத்தில் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. கரையில் மரக்கட்டை போலத் தொங்கும் அந்தக் கை, தண்ணீருக்குள் மட்டும் கொஞ்சம் அசையத் தொடங்கியிருந்தது. தினமும் காலையில் அரை மணி நேரம் வீட்டுக் குளத்தில் பயிற்சி. இதற்கிடையில் நுரையீரலில் சளி கட்டி ஃபெர்னான் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, மழையில்லாத இடி ஒன்று இறங்கி ஃபியூஸ் போய் பம்ப் நின்றது. திரும்பி வந்தபோது குளம் பச்சைப் பசேலென்று இருந்தது. தவளைகள் குடியேறியிருந்தன.

குளத்தைச் சுத்தம் செய்ய முதலில் வந்த ஆள் எட்டிப் பார்த்ததோடு சரி. "மொத்தத்தையும் காலி பண்ணுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். காலி பண்ணலாம், நிரப்புவது எப்படி? வறட்சியால் குளம் நிரப்ப அரசாங்கத் தடை. இலையுதிர்கால மழை வரும்வரை ஒரு சொட்டு விடக்கூடாது.

"அக்டோபர் வரைக்கும் அந்தக் கை காத்திருக்குமா ஒதில்?" என்று கேட்டார் அர்மாந்த்.

ஒதில் அன்றைக்கே வந்தார். குளத்து ஏணிக்கு ஏழு படி. தண்ணீருக்குள் ஒன்றுதான் தெரிந்தது. மோந்தார், குப்பியில் பிடித்தார், தலையை ஆட்டினார். பல வருடமாக மாத்திரை மாத்திரையாகப் போட்ட குளோரினோடு வந்த இன்னொரு சரக்கு தண்ணீரிலேயே தங்கி, இப்போது புதுக் குளோரினை வேலை செய்யவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பாதித் தண்ணீரை மாற்றினால் சுலபம். அது முடியாது.

"அப்ப இருக்கிற தண்ணியையே காப்பாத்துவோம். தினமும் வெயில் தாழ வந்து திரவக் குளோரின் ஊத்தறேன். பம்ப் நிக்கவே கூடாது. மதாம், நீங்க காலையில சுவரைத் தேய்க்கணும்." நீளக் கம்பு போட்ட பிரஷை அர்மாந்த் கையில் கொடுத்தார்.

நாற்காலியில் இருந்த ஃபெர்னான் பச்சைக் குளத்தைக் காட்டிக் குழறிக் குழறிக் கேட்டார்: "பட்டாணி சூப்புல உப்பு பாத்தியா?"

"உப்பு சரியாத்தான் இருக்கு ஐயா. தவளைக் கால்தான் கொஞ்சம் தூக்கல்."

தவளைகளை ஒவ்வொன்றாகக் கையாலேயே பிடித்து, வாளியில் போட்டு, தோட்டத்து வாய்க்காலில் கொண்டுபோய் விட்டார்.

மூன்றாம் நாள் பச்சை செத்தது. தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்தது. நான்காம் நாளும் பால்தான். ஐந்தாம் நாளும் அதே. ஏணியில் இரண்டு படிக்கு மேல் தெரியவில்லை.

"அந்த ஆள் சொன்னதுதான் சரியோ என்னமோ," என்றார் அர்மாந்த், மெதுவாக.

மறுநாள் ஒதில் காலையிலேயே வந்துவிட்டார். மதியம் பன்னிரண்டு அடித்தும் வேனுக்குப் போகவில்லை. வடிகட்டியிலிருந்து தண்ணீர் திரும்பி வரும் துவாரத்தின் எதிரே கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். விரலிடுக்கில் பொடிப்பொடியாகத் தூசி ஓடியது. உள்ளே போன அழுக்கு அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது.

"தப்பு என்னுது மதாம். வடிகட்டி மேல இருக்கிற அழுத்தமானி முள் முதல் நாளே கீழ கிடந்துச்சு. அடைப்பு இல்ல, நல்லதுன்னு விட்டுட்டேன். அப்பவே மூடியத் திறந்து பாத்திருக்கணும். அஞ்சு நாள் உங்கள வீணா தேய்க்க வெச்சுட்டேன்."

பம்பை நிறுத்தி வடிகட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த மணல் கல்லாக இறுகியிருந்தது. நடுவில் விழுந்த ஓட்டைகள் வழியே தண்ணீர் சும்மா போய்ச் சும்மா வந்திருக்கிறது. ஆள் எடைக்கு இரண்டு மடங்கு மணலை, ஒரு சின்னக் கைப்பாத்திரத்தால் தோண்டித் தோண்டி நாலு மணி நேரம் வெளியே எடுத்தார். அடியில் இருக்கும் மெல்லிய குழாய்கள் உடையக்கூடாதென்று கடைசிப் பகுதியை விரலாலேயே அள்ளினார். நகங்கள் பிய்ந்தன. பெசியேவுக்குப் போய்ப் புது மணல் வாங்கி வந்து, அன்று மாலையே பம்பை ஓடவிட்டார்.

அடுத்த நாள் ஐந்து படி தெரிந்தது. அதற்கடுத்த நாள், ஆழப் பக்கத்தில் வடிகால் மூடியின் திருகாணிகளைக்கூட எண்ண முடிந்தது.

ஃபெர்னான் அதற்குள் நீச்சல் டிரவுசரில் தயாராக இருந்தார்.

"இப்ப இறங்கினா டிரவுசர் வெளுத்துடும், நீங்களும் வெளுத்துடுவீங்க. குளோரின் அளவு குறையட்டும். நான் சொல்ற வரைக்கும் கால் நகம்கூடப் படக்கூடாது."

"ராட்சசி," என்றார் ஃபெர்னான்.

"ஆமா. ரெண்டு நாளைக்கு."

வியாழக்கிழமை காலை, ஊற்றவோ தேய்க்கவோ வேலை எதுவும் இல்லாதபோதும் ஒதில் வந்தார். குப்பியில் பிடித்துப் பார்த்து, "இறங்கலாம்" என்றுவிட்டு, ஒதுங்கி நின்றார். அர்மாந்த் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, ஃபெர்னான் ஆழமில்லாத பக்கத்துப் படிக்கட்டில் ஒவ்வொரு காலாக இறங்கினார். தண்ணீர் மார்பளவு வந்தது. இடது கை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருந்தது. பிறகு அந்தக் கை தானாக மிதந்து மேலே வந்தது, முழங்கை விரிந்தது, ஃபெர்னான் பல்லைக் கடித்துக்கொண்டு அதை ஒரு சாண் முன்னால் தள்ளினார்.

"ஒண்ணு," என்றார் அர்மாந்த். அதற்கு மேல் அவருக்கு எண்ண வரவில்லை.

காற்றில் வந்த பைன் மரத்து ஊசியிலை ஒன்று, நகரும் அந்தக் கைக்கு முன்னால் மிதந்துகொண்டிருந்தது. ஒதில் சத்தமில்லாமல் விளிம்பில் குனிந்து, அதை இரண்டு விரலால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.