மாதேஸ்வரி சிஸ்டருடன் சாப்பிட்டவர்கள்

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கான நாள். அன்று வரிசையில் வந்த ஒன்பதாவது பெண்ணின் விரலில் குத்திவிட்டு நிமிர்ந்தபோது என் போன் அடித்தது. மாதேஸ்வரி சிஸ்டரின் மகள் பேசினார். "சார், அம்மா காலைல போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு." பிறகு அழுகையின் நடுவே, "சாப்புட்டுட்டுத்தான் சார் போனாங்க. ரெண்டு தோசை" என்றார்.

அவரை அறியாத ஒருவருக்கு இது வினோதமான தகவலாக இருக்கலாம். கூட வேலை பார்த்த எங்களுக்கு அப்படியில்லை. விஷயத்தை நான் சொன்னபோது எங்கள் நர்சுகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த இரண்டு தோசையைச் சொன்னதும் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. சாப்பிடாமல் ஒருவரும் எங்கேயும் கிளம்பக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

பாலக்கோட்டைச் சுற்றியுள்ள பல ஊர்களுக்கு அவர் கிராம சுகாதார செவிலியர். நான் அந்த நிலையத்து லேப்பில் ரத்தப் பரிசோதனை செய்பவன். பதினான்கு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். என் பெயரை அவர் ஒருமுறைகூடச் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. "என்னங்க லேப்பு" என்றுதான் அழைப்பார். கடைசியில் டாக்டரே என்னை லேப்பு என்று கூப்பிடும்படி ஆகிவிட்டது.

அவருடைய ஸ்கூட்டி சத்தம் கேட்டாலே ஊரில் பெண்கள் சிரித்துக்கொண்டு வெளியே வருவார்கள். கன்னடம் பேசும் வீடுகளில் "ஊட்டா ஆய்தா?" என்று நுழைவார். தெலுங்கு பேசும் வீடுகளில் "தின்னாவா?" இரண்டு மொழியிலும் அதற்குமேல் பெரிதாக ஒன்றும் அவருக்குத் தெரியாது. "சாப்புட்டியான்னு கேக்கத் தெரிஞ்சா போதுங்க. மிச்சத்த அவுங்களே தமிழ்ல சொல்லிருவாங்க" என்பார்.

ஒருநாள் ஒரு கர்ப்பிணியின் கணவர் சின்ன டப்பாவில் குங்குமப்பூ வாங்கி வந்து, இதைப் பாலில் எவ்வளவு போட வேண்டும் என்று அவரிடம் பயபக்தியோடு கேட்டார். சிஸ்டர் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். "வாசனையா இருக்குது. கேசரி செய்யறப்பப் போட்டுக்குங்க. புள்ள கலரா பொறக்கறதுக்கு நீங்க ஒண்ணும் பண்ண முடியாதுங்க. கனமா பொறக்கறதுக்குப் பண்ணலாம். முட்டை, பயறு, கீரை, ஒரு கைப்பிடி கடலை. அந்தப் பாலையும் விட்றாதீங்க" என்றார். அந்த மனிதர் அசடு வழியச் சிரித்தார். மறுவாரம் மனைவியோடு வந்தபோது, என்னென்ன வாங்கிக் கொடுத்தேன் என்று அவராகவே ஒப்பித்தார்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. மாதாந்திர அறிக்கையை அவர் நேரத்துக்குக் கொடுத்ததே கிடையாது. பிடிவாதம் அதிகம். மீட்டிங்கில் மேலதிகாரி பேசும்போது பக்கத்தில் இருப்பவருக்குக் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுப்பார். ஆனால் கவிதா விஷயத்தில் அவர் செய்ததை நான் கூடவே இருந்து பார்த்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கவிதா தக்காளி பயிரிடும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்ட பெண். இருபத்தொரு வயது, முதல் கர்ப்பம், ஐந்தாம் மாதம். அவள் ரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் ஏழு புள்ளி இரண்டு என்று காட்டியது. குறைந்தது பதினொன்று இருக்க வேண்டும். அன்று கூட்டம் அதிகம், எனக்கும் எரிச்சல். "ஏழுதான் இருக்குது! வூட்ல சோறு திங்கறதே இல்லையா? மாத்திரைய எல்லாம் என்ன பண்றீங்க?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். அடுத்த இரண்டு செவ்வாயும் வரவில்லை.

சிஸ்டர் என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். கோபப்படவில்லை. "நீங்க நம்பர் சொன்னீங்க லேப்பு. அவ காதுல திட்டுன்னு விழுந்திருச்சு. சாப்பாட்டு நேரத்துக்கு வண்டில ஏறுங்க, போயிட்டு வரலாம்" என்றார்.

மதியம் ஒரு மணிக்கு அந்த வீட்டு வாசலில் இறங்கினோம். என்னைக் கண்டதும் கவிதா சமையலறைக்குள் ஓடி மறைந்தாள். சிஸ்டர் உரக்கச் சொன்னார்: "பயப்படாத கண்ணு, லேப்பு இன்னிக்கு ஊசி எடுத்துட்டு வரல. வெறும் வயித்தத்தான் எடுத்துட்டு வந்துருக்காரு." மாமியார் பெருமாயி, ஐம்பதை ஒட்டிய கறாரான பெண்மணி, வீட்டுக்கு வந்தவர்கள் பசி என்று சொன்ன பிறகு வேறென்ன செய்வார்? உட்காரச் சொன்னார். தட்டில் களி உருண்டையும் முருங்கைக்கீரைக் குழம்பும் வந்தன. சிஸ்டர் கை வைக்கவில்லை.

"தனியா சாப்புட்டா எனக்கு எறங்காதுங்க அக்கா. கவிதாவயும் உக்காரச் சொல்லுங்க."

"அவ அப்புறமா சாப்புடுவா. ஆம்பளைங்க இன்னும் தக்காளிக் காட்டுலருந்து வரல."

"அப்ப நானும் அப்புறமாவே சாப்புடறனுங்க" என்று தட்டைத் தள்ளி வைத்தார். நானும் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று, எனக்கு உண்மையிலேயே பசி. பெருமாயி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மூன்றாவதாக ஒரு தட்டு வந்தது. அதில் உருண்டை எங்களுடையதில் பாதிதான் இருந்தது. சிஸ்டர் பேச்சுவாக்கில் தன் தட்டையும் அதையும் மாற்றி வைத்துவிட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே மாத்திரை விஷயம் வெளியே வந்தது. இரும்புச்சத்து மாத்திரை போட்டதும் மலம் கறுப்பாகப் போனதாம். உள்ளே என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து அத்தனையையும் முருங்கை மரத்தடியில் புதைத்திருந்தாள். "மாத்திர போட்டா அப்படித்தான் போவும் கண்ணு. ஒண்ணும் கெடுதல் இல்ல. டீ, காப்பியோட மட்டும் போடாத, எலுமிச்சம்பழத் தண்ணியோட போடு" என்றார் சிஸ்டர். மரத்தடியைப் பார்த்து, "முருங்க நல்லாத்தான் தழைச்சிருக்குது" என்று சேர்த்துக்கொண்டார். கவிதா முதல்முறையாகச் சிரித்தாள். நான் அவளிடம், "அன்னிக்கு நான் பேசினது தப்பும்மா" என்றேன். அவள் எட்டிக் குழம்புச் சட்டியை எடுத்தாள். எனக்கு இன்னும் கொஞ்சம் கீரை போட்டாள்.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாள் சிஸ்டருக்கு அந்த வீட்டில்தான் மதியச் சாப்பாடு. ஒருநாள் முட்டையோடு போவார், ஒருநாள் நெல்லிக்காயோடு. இடையில் கவிதாவை நிலையத்துக்கு அழைத்து வந்து டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து டிரிப்பும் ஏற்ற வைத்தார். மூன்று வாரம் கழித்து, "வாங்க லேப்பு, இன்னிக்குத் தட்டப்பயறு கொழம்பாம்" என்று என்னை மறுபடி அழைத்துப் போனார். அன்றுதான் பெருமாயி கேட்டேவிட்டார்.

"நீங்க சோத்துக்கு வரலீங்க சிஸ்டர். எம் மருமவளுக்குக் காவலுக்கு வர்றீங்க. நான் என்னமோ அவள பட்டினி போடறாப்புல."

சிஸ்டர் மறுக்கவில்லை. "பின்ன ஏனுங்க அக்கா அரை வயித்துக்குப் போடறீங்க?" என்று நேராகக் கேட்டார்.

பெருமாயி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். அவருடைய தங்கை முதல் பிரசவத்தில் ரெண்டு நாள் வலி எடுத்தும் பிள்ளை வெளியே வராமல் வீட்டிலேயே இறந்திருக்கிறாள். நன்றாகத் தின்றதால் பிள்ளை பெரிதாகிவிட்டது என்று அன்று பிரசவம் பார்த்த அம்மாள் சொல்லியிருக்கிறார். "எங்கண்ணு முன்னால போனா. இவளும் அப்படிப் போயிரக் கூடாதுன்னுதான் கொறச்சுப் போட்டன். வேற எந்தக் கெட்ட எண்ணமும் இல்லீங்க." கவிதா கையிலிருந்த களியோடு மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது அதுவரை தெரியாது.

சிஸ்டர் இடது கையால் பெருமாயியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி சோத்தால சாவலீங்க அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவ முடியாமத்தான் செத்தா. புள்ள பெருசா இருந்தா ஆபரேசன் பண்ணி எடுத்துருவாங்க. ஆனா தாய்க்கு ரத்தம் இல்லன்னா, பிரசவத்துல கொஞ்சம் கூடுதலாப் போனாலும் தாங்காது." பிறகு தன் கதையைச் சொன்னார். அத்தனை வருடப் பழக்கத்தில் நான் அன்றுதான் அதைக் கேட்டேன். அவருடைய முதல் பிரசவம் செவிலியர் பயிற்சிக்குப் போவதற்கு முன்பு நடந்தது. மாமியார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பின் மிஞ்சியதைத்தான் சாப்பிட்டிருக்கிறார். கேட்கக் கூச்சம். "எம் மவ ஒண்ணே முக்கா கிலோவுல பொறந்தா. ரெண்டு மாசம் நெஞ்சோட கட்டிக்கிட்டே கெடந்தன். என்னைய யாரும் பட்டினி போடலீங்க அக்கா. யாரும் கூட உக்காரல, அவ்வளவுதான்."

பெருமாயி எழுந்து உள்ளே போனார். ஒரு தட்டை எடுத்து வந்து, தனக்கும் போட்டுக்கொண்டு கவிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஒன்பதாம் மாதம் கவிதாவின் ரத்தம் பத்து புள்ளி நான்கு. இந்த முறை அதை அவள் காதருகே மெதுவாகச் சொன்னேன். அவளோ திரும்பி வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "பத்து தாண்டிருச்சு!" என்று கத்தினாள். பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில் நடந்தது. பிள்ளை பிறந்த பிறகு ரத்தப்போக்கு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. டாக்டர்கள் சமாளித்தார்கள். ஐந்தாம் மாதத்தில் இருந்த ரத்த அளவோடு வந்திருந்தால் இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது என்று அங்கிருந்த டாக்டர் சொன்னதாகச் சிஸ்டர் என்னிடம் சொன்னார். அதைச் சொன்னபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை. பெண் குழந்தை, இரண்டு கிலோ தொள்ளாயிரம். பெருமாயி அந்த எடையைப் பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை இறக்குகிறவர்கள் வரைக்கும் சொல்லி வைத்தார். கவிதா வீட்டில் சாப்பிட்டுச் சாப்பிட்டுச் சிஸ்டருக்கும் எடை ஏறியிருந்தது. "பிரசவம் அவளுக்கு, வயிறு எனக்கு" என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று கேட்டால் ஒன்றைச் சொல்வேன். பெருமாயி வீட்டில் சிஸ்டர் தன் கதையைச் சொன்ன அன்று மாலை என் மனைவியிடம், நம் பிள்ளைகள் வயிற்றில் இருந்தபோது நீ எப்போது சாப்பிடுவாய் என்று கேட்டேன். "நீங்க எல்லாம் சாப்புட்டப்புறந்தான். இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றாள். மூத்தவனுக்கு அப்போது பதினாறு வயது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான்கு தட்டும் ஒன்றாகத்தான் வைக்கிறோம்.

சிஸ்டர் ஓய்வு பெற்ற நாளில், பெருமையோடு இதை அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "நல்லதுங்க லேப்பு. கொழம்பு யாரு வெக்கறா?" என்றார்.

"அவதான்."

"அப்பப் பாதி வேல இன்னும் பாக்கி இருக்குது."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சமைக்கிறேன். களி இன்னும் கட்டி தட்டாமல் கிண்ட வரவில்லை. நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து, கட்டிகளை ஒதுக்கிவிட்டுச் சாப்பிடுகிறோம்.