பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள்

நான் குடியிருக்கும் கம்போடியாவின் நோம்பென் நகரத்தில் என்னை எல்லோரும் 'போங்' என்று கூப்பிடுகிறார்கள். கெமர் மொழியில் அண்ணன், அக்கா, தன்னைவிட மூத்தவர் யாராக இருந்தாலும் போங்தான். வந்த புதிதில் இது தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. காய்கறிக்காரி சிரித்த முகத்தோடு 'போங்' என்பாள். துக்துக் ஓட்டுபவர் வண்டியை நிறுத்தி 'போங்' என்பார். வடமதுரைப் பக்கம் பிறந்தவன் காதுக்கு அது 'கிளம்புங்க' என்றுதான் விழுந்தது. இவ்வளவு மரியாதையாக ஆளை விரட்டும் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆறு வருடம் ஆகிவிட்டது. இப்போது தெருவில் யாரும் போங் என்று சொல்லாவிட்டால் எனக்கு என்ன குறை வந்தது என்று யோசிக்கிறேன்.

ஊரிலோ நிலைமை நேர்மாறு. அங்கே என்னை எந்தப் பெயராலும் கூப்பிடாத ஒருவர் இருந்தார், என் மாமியார். செம்பட்டிக்கு அருகில் ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கலெக்டர் ஆபீஸ் கூட்டத்திலேயே எழுந்து பேசியவர், மருமகனிடம் மட்டும் நேராகப் பேசமாட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் சுவரைப் பார்த்து, "மாப்ளைக்கு இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தணுமோ என்னமோ" என்பார். நானும் சுவரைப் பார்த்து, "போதும்" என்பேன். நான்கு வருட உறவு இப்படித்தான் சுவர் வழியாகச் சுமுகமாக நடந்தது. அவரோடு ஒரு பகல் முழுவதும் விமானம் மாறி மாறிப் பயணம் செய்ய வேண்டி வந்தபோதுதான், விமான நிலையங்களில் பெரும்பாலும் கண்ணாடிதான் இருக்கிறது, சுவர் இல்லை என்பது எனக்கு உறைத்தது.

என் மனைவி செல்விக்கு நோம்பென்னில் பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது. துணைக்கு அவள் அம்மா வர வேண்டும். "அம்மா தனியா வந்துருவாங்க, ஒரு ஆள் ஏத்திவிட்டா போதும்" என்றாள் செல்வி. நான் சம்மதிக்கவில்லை. வெளிநாட்டில் இருப்பவன் என்ற பட்டம் சும்மா கிடைப்பதில்லை, அதை அவ்வப்போது நிரூபிக்க வேண்டும். அவளைக் கீழ்வீட்டு சொக்காவின் பொறுப்பில் விட்டுவிட்டு நானே ஊருக்குக் கிளம்பினேன். சொக்கா எங்கள் வீட்டுக்காரம்மாள், கெமர்க்காரி, நல்ல மனுஷி. அவள் பெயரைக் கேட்டதும் அத்தை, "சொக்கன் பேரா? நம்ம மதுரைப் பக்கத்துப் புள்ளதான்" என்று முடிவு கட்டிவிட்டார்.

செம்பட்டியில் இருந்த ஒரு வாரமும் நான் பேசிய பேச்சை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. நம் நாட்டில் எதற்கும் ஒழுங்கில்லை, அங்கெல்லாம் போர்டைப் பார்த்தே உலகத்தைச் சுற்றிவிடலாம் என்று டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். கோலாலம்பூரிலிருந்து நோம்பென்னுக்கு நேரடி விமானத்தில் இடம் இல்லாததால் திருச்சி, கோலாலம்பூர், பாங்காக், நோம்பென் என்று தனித்தனியாக டிக்கெட் போட்டிருந்தேன். அதையும் பெருமையாக்கி, சுவரைப் பார்த்து விளக்கினேன். "செம்பட்டியில இருந்து வடமதுரைக்குப் போகணும்னா திண்டுக்கல்ல எறங்கி அடுத்த பஸ் ஏறுறோம்ல, அம்புட்டுத்தான் கனெக்‌ஷன் பிளைட்."

விடிகாலையில் கோலாலம்பூரில் இறங்கினோம். நான் தலையை நிமிர்த்தி போர்டுகளைப் படித்தபடி முன்னால் நடக்க, அத்தை பத்தடி பின்னால் வந்தார். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். தரை துடைக்கும் வண்டியோடு நின்ற ஒரு தமிழரிடம் பேசிக்கொண்டிருந்தார். "பசியாறியாச்சாம்மா?" என்று அவர் கேட்டதில் அத்தைக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எங்கே போகிறோம் என்று விசாரித்தவர் என்னைப் பார்த்து, "பாங்காக்ல எந்த ஏர்போட்டு தம்பி?" என்று கேட்டார். கேள்வியே எனக்கு அசட்டுத்தனமாகப் பட்டது. "பாங்காக் ஏர்போர்ட்தாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். பாவம், இங்கேயே பிறந்து வளர்ந்தும் விவரம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பாங்காக்கில் குடியேற்ற வரிசையில் அத்தையைப் வயதானவர்களுக்கான வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து நின்றேன். பத்து நிமிடம், இருபது நிமிடம் போயிற்று. அப்புறம் ஒரு காவலர் வந்து என்னை உள்ளே ஓர் அறைக்கு அழைத்துப் போனார். நடந்தது இதுதான். எதற்காக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அத்தை தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தெளிவாக, "டெலிவரி" என்றிருக்கிறார். என்ன டெலிவரி? "டாட்டர் டெலிவரி." எங்கே? "நோம்பென்." யார் கொடுத்து அனுப்பியது? "மாப்ள." அதிகாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாப்ள என்ற பெயருள்ள ஒரு கூட்டத்தலைவன், வயதான பெண்ணிடம் எதையோ கொடுத்து எல்லை தாண்டி அனுப்புகிறான்.

நான் போனபோது மேஜைமேல் அத்தையின் பை திறந்து கிடந்தது. உள்ளே துவைத்துத் துவைத்து மெத்தென்றாகிப்போன நூல் சேலைகள், கிழித்து மடித்த துண்டுகள். பச்சைப்பிள்ளைக்கு விரிக்க. என்னைக் கண்டதும் அதிகாரிகள் நிமிர்ந்தார்கள். நான் ஆங்கிலத்தில் சட்டம் பேச வாயைத் திறந்தேன். அத்தை என்னைக் கையமர்த்திவிட்டு ஒரு துண்டை எடுத்தார். நாலு மடிப்பில் அதைக் குழந்தையாக்கினார். வயிற்றை உருண்டையாகக் காட்டினார், இடுப்பைப் பிடித்து வலியில் முகத்தைச் சுளித்தார், அப்புறம் துணிக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டி ஆட்டினார். முப்பது வருடம் பால்வாடியில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அபிநயம் பிடித்த கை. பெண் அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து அறையிலிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு, மறுபடி செய்து காட்டச் சொன்னார். அத்தை சளைக்காமல் செய்து காட்டினார். முத்திரை விழுந்தது. ஆனால் ஒரு மணி நேரம் போய்விட்டது.

வெளியே ஓடிவந்து புறப்பாட்டுப் பலகையைப் பார்த்தேன். எங்கள் விமானம் அதில் இல்லை. இரண்டு முறை பார்த்தேன். விசாரணை மேஜைப் பெண்ணிடம் டிக்கெட்டைக் காட்டினேன். அவள் மிக இனிமையாக, "அது வேறு ஏர்போர்ட், சார். இது டான் முவாங். உங்களுடையது சுவர்ணபூமி" என்றாள். இந்த ஊரில் இரண்டு இருக்கின்றனவா என்று டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டேன்.

இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அத்தை முன்னால் போய் நின்றேன். கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மதுரையில ஆரப்பாளையத்துல எறங்கிட்டு மாட்டுத்தாவணிக்குப் போகணும், அம்புட்டுத்தான? டவுன் பஸ் எங்க நிக்கிதுன்னு பாருங்க."

அன்றைக்குத்தான் அவர் முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

டாக்சிக்காரரிடம் சுவர்ணபூமி என்று நாலு விதமாகச் சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. டிக்கெட்டைக் காட்டியதும், "ஓ, சுவன்னபூம்!" என்றார். "நாம சொர்ணபூமிங்கிறத அவரு அப்படிச் சொல்றாரு, நகைக்கடை பேரு மாதிரி நல்லாத்தான் இருக்கு" என்றார் அத்தை. வண்டி நகரவில்லை. மேம்பாலம் முழுக்க கார்கள். அந்த நேரத்தில் செல்வி கூப்பிட்டாள்.

"பனிக்குடம் ஒடஞ்சிருச்சுங்க" என்றாள். "எங்க இருக்கீங்க? எப்ப வருவீங்க?"

நான் பாலத்தைப் பார்த்தேன். அத்தை என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ஏய் செல்வி, அழுகாத. வலி விட்டு விட்டு வருதா? சரி. தண்ணி குடி. சொக்கா இருக்காளா? அவகிட்டக் குடு." பிறகு சொக்காவிடம் அழுத்தந்திருத்தமான செம்பட்டித் தமிழில், "ஆத்தா, வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு. படியில மெதுவா எறக்கு. நாங்க வந்துர்றோம்" என்றார். அந்தப் பக்கம் சொக்கா கெமரில் ஏதோ நீளமாகச் சொன்னாள். "ம், ம், அதான்" என்று அத்தை தலையாட்டினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. எல்லாம் புரிந்திருந்தது. எனக்கு இருவர் மொழியும் தெரியும், ஒன்றும் ஓடவில்லை.

சுவர்ணபூமியில் கவுன்டரை மூடிவிட்டிருந்தார்கள். விமானம் இன்னும் தரையில்தான் நின்றது. நம் ஊர் பஸ் என்றால் ஸ்டாண்டை விட்டு வெளியேறிய பிறகும் கையைக் காட்டி ஏறியிருக்கலாம். ஒழுங்கைப் பற்றி டீக்கடையில் பேசிய நான், அந்த ஒழுங்கின் முன்னால் நின்று, ஒரே ஒரு முறை விதியைத் தளர்த்தக் கூடாதா என்று கெஞ்சினேன், பிறகு கத்தினேன். கவுன்டர் இளைஞன் சிரித்த முகம் மாறாமல், முடியாது என்பதை ஏழு முறை சொன்னான். வேறொரு நிறுவனத்தின் விமானத்தில், மூன்றேமுக்காலுக்கு, இரண்டு இருக்கை கிடைத்தது. அதுவரை காத்திருக்க வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. "தப்பு என்னோடதுதான் அத்தை" என்றேன்.

"தெரியும்" என்றார் அவர். "பாஸ்போட்டக் கீழ போடாம வைங்க."

பிறகு அவராகவே பேசினார். "செல்வி பொறந்தப்ப அவ அப்பா ஒட்டன்சத்திரம் சந்தையில தக்காளிக்கு வெலை பேசிக்கிட்டு நின்னாக. சேதி போயி அவுக வந்து சேர்றதுக்குள்ள புள்ள ஒறங்கியே போச்சு. ஆம்பளைக வந்துதான் ஆகணும்னா ஒரு புள்ளையும் பொறந்திருக்காது மாப்ள. செத்த நேரம் கண்ண மூடுங்க." சொன்னவர் மூடவில்லை. நான் தூங்குவதுபோல் இருந்தபோது ஓரக்கண்ணால் பார்த்தேன். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. என் முன்னால் பயத்தைக் காட்டாமல் இருப்பதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

விமானம் ஏறினோம். போனை அணைத்தோம். நோம்பென்னில் இறங்கி, சக்கரம் நிற்பதற்குள் போனைப் போட்டேன். ஒரு படம் வந்திருந்தது. சொக்காவின் கையில் சிவந்த முகத்தோடு ஒரு பெண் குழந்தை. அத்தை போனை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "முடி நெறைய இருக்கு" என்றார். அப்புறம்தான் அழுதார், நடைபாதையை மறித்துக்கொண்டு, பின்னால் இறங்கக் காத்திருந்த அத்தனை பேரையும் நிறுத்திவைத்து.

ஆஸ்பத்திரியில் செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்தாள். பிறந்த நேரம் மாலை நான்கு இருபது. அத்தை அதை வாங்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார்.

"இன்னைக்குச் செவ்வாக்கிழமை. நாலு இருபதுன்னா ராகு காலம்ல?" தன் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். அதில் இன்னும் இந்திய நேரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. விரல்விட்டு எண்ணினார். "நம்ம ஊர்ல அப்ப ரெண்டு அம்பது. ராகு காலம் பொறக்கவே இல்ல. ரெண்டு அம்பதுன்னு எழுதுங்க மாப்ள."

"பொறந்தது இங்கதான அத்தை?"

"ஜாதகம் கணிக்கிறவரு திண்டுக்கல்லுலதான இருக்காரு?"

பேனாவை எடுத்தேன். குழந்தை பிறந்த நிமிடத்தில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். விமான ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகம். தாய்லாந்து முடிந்துவிட்டதா, கம்போடியா தொடங்கிவிட்டதா, தெரியாது. சீட்டில் நாலு இருபதுக்குக் கீழே ரெண்டு அம்பது என்று எழுதினேன். எட்டிப் பார்த்த சொக்கா இது என்ன நேரம் என்று கேட்டாள். எங்கள் ஊர் நேரம் என்றேன். அவள் குழம்பிப்போய்ச் சுவர்க்கடிகாரத்தைச் சுட்டிக்காட்டினாள். அத்தை தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். எந்த நேரத்தை அடிப்பது என்று தெரியாமல், பேனாவை மூடாமலே இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.