மூன்று நாள் உபவாசமும் ஒரு வாலிபால் வலையும்

சகோதர சகோதரிகளே, அன்று என் முழங்கால்கள் நடுங்கியது பக்தியினால் அல்ல, பசியினால். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

1968. தாம்பரத்தில் ஒரு ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். வாலிபால் பயிற்சியாளராக வேண்டும் என்பது ஆசை. பயிற்சிக் கல்லூரியின் தேர்வில் இரண்டு வருடம் தோற்றாயிற்று. வயது வரம்புப்படி அந்த வருடம்தான் கடைசித் தடவை. நானோ இடம் கிடைத்துவிட்டதாகவே நினைத்து வேலையை ராஜினாமா செய்தேன். விசுவாசம் என்று சபையில் சொல்லிக்கொண்டேன். என் மனைவி எஸ்தர் அதற்கு வேறு பெயர் வைத்தாள். அதை இங்கே எழுத முடியாது.

நாள் நெருங்க நெருங்கப் பயம் பிடித்தது. சோறு இறங்கவில்லை. சிட்லபாக்கம் ஏரிக்கரையில் தனியாக நின்று அழுதிருக்கிறேன். கடைசியில் ஞாயிறு ஆராதனையில் எழுந்து, தேர்வு முடியும்வரை மூன்று நாள் தண்ணீர் மட்டும் என்று பொருத்தனை செய்தேன். அது ஓடியாட வேண்டிய தேர்வு என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. சபையே கேட்டிருந்தது. பின்வாங்க வெட்கம்.

மூன்றாம் நாள் காலை எஸ்தர் இட்லித் தட்டோடு வாசலை மறித்தாள்.

"ஏங்க, சாப்பிடாம போன்னு கர்த்தர் சொன்னாரா, இல்ல நீங்களே சொல்லிக்கிட்டீங்களா?"

தட்டை ஒதுக்கிவிட்டுக் கிளம்பினேன். ரயிலில் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

மைதானத்தில் தேர்வுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு பள்ளி மாணவிகள், இருபது நிமிடம். கடைசிக் கோட்டிலிருந்து பந்தை வலைக்கு அப்பால் அடிக்கும் சர்வீஸைக் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்கு முன்னால் போனவர்கள் துள்ளித் துள்ளி அடித்துக் காட்டினார்கள். என் முறை வந்தது. பந்தைத் தூக்கிப் போட்டேன். வலை இரண்டாகத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கர்த்தாவே, இருபது நிமிடத்துக்கு மட்டும் பலம் தாரும் என்று கெஞ்சினேன்.

பலம் வரவில்லை. துளிகூட.

எழுந்திருக்க முடியாததால் வாயால்தான் சொல்ல முடிந்தது. அவர்கள் அடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒல்லியான ஒரு மாணவியின் பந்து வலைவரைகூடப் போகவில்லை. பாதி தூரம் முன்னால் வந்து அடிக்கச் சொன்னேன். தாண்டியது. இரண்டடி பின்னால் போகச் சொன்னேன். மறுபடியும் தாண்டியது. இப்படியே கடைசிக் கோடுவரை அனுப்பினேன். அங்கிருந்தும் பந்து வலையைத் தாண்டியபோது, அந்தப் பெண் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தேர்வாளர் வந்து என்னைத் தூக்கிவிட்டார்.

"ரெண்டு வருஷமா பார்க்கிறேன் சார். நீங்க ஆடுவீங்க, பிள்ளைங்க வேடிக்கை பார்க்கும். இன்னைக்குத்தான் சொல்லிக் கொடுத்தீங்க."

இடம் கிடைத்தது. எஸ்தர் காலை இட்லியை உதிர்த்து உப்புமா செய்து வைத்திருந்தாள். அதைவிட ருசியான ஆகாரத்தை இன்றுவரை நான் உண்டதில்லை.

ஒன்பது வருடமாகப் பயிற்சியாளராக இருக்கிறேன். பந்தைப் பிடுங்கி நானே அடித்துக் காட்டக் கை துறுதுறுக்கும்போதெல்லாம், கோட்டுக்கு வெளியே போய்த் தரையில் உட்கார்ந்துவிடுவேன்.

பயந்துபோயிருக்கிறவர்களே, கர்த்தரிடம் கேளுங்கள். நான் எழுந்து நிற்கக் கேட்டேன். அவர் உட்கார வைத்தார். அதுதான் பதில் என்று எனக்குப் புரிய இருபது நிமிடம் ஆயிற்று. நீங்களும் அந்த இருபது நிமிடம் பொறுத்திருங்கள். முடிந்தால் சாப்பிட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.