கண்ணாடி அலுமாரியைத் திறந்தவர்

எங்கள் ஐயா மறைந்து இன்றோடு முப்பத்தொரு நாட்கள். "அழுது வடிச்சு எழுதாதை பிள்ளை, அவர் சிரிச்ச மனுசன்" என்பது அம்மாவின் கட்டளை. மூத்த மகளாகிய நான் முயல்கிறேன்.

ஐயா வடமராட்சியில் ஒரு கடற்கரைக் கிராமத்திலே பிறந்தவர். சிறு வயதில் தகப்பனாரை இழந்து, மாமன் வீட்டில் வளர்ந்து, ஆசிரியரானார். வன்னிக்கு மாற்றம் வந்தபோது, "காய்ச்சல் காடு, ஒரு வருசத்தில திரும்பி வந்திடுவான்" என்றார்களாம் உறவினர்கள். காய்ச்சல் மூன்று தடவை வந்து போனது. ஐயா போகவே இல்லை.

கண்டி வீதியிலிருந்து மூன்று கட்டைத் தூரம் உள்ளே இருந்த அவரது பாடசாலையில் ஒரு கண்ணாடி அலுமாரி நிறையப் புத்தகங்கள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் வெளியே நின்று அட்டைகளை மட்டும் வாசிப்பார்கள். ஐயா கேட்டுக்கேட்டு, கடைசியில் தலைமையாசிரியர் திறப்பைக் கொடுத்தார்.

"மாஸ்ரர், புத்தகம் கெட்டால் வித்தியாதரிசிக்கு நீர்தான் பதில் சொல்லவேணும்."

"ஓம், சொல்லுறன்."

அன்று முதல் பாடசாலை விட்ட பிறகும் ஐயா அலுமாரியடியிலேயே இருப்பார். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் என்பது அவருக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்பில் ஒருத்தி. வாசிப்பு ஏறாது என்று எல்லாரும் கைவிட்டிருந்தார்கள். அவள் தகப்பனிடம் எருமைகள் இருந்தன. ஐயா அவளிடம் கால்நடை வளர்ப்புப் புத்தகத்தைக் கொடுத்து, "கொப்பருக்கு வாசிச்சுக் காட்டு" என்றார். புத்தகம் இரண்டு மாதமாகியும் திரும்பி வரவில்லை. ஐயா கேட்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து, பாடசாலைகளைப் பரிசோதிக்கும் வித்தியாதரிசி வந்தார். நானும் அப்போது ஐந்தாம் வகுப்பு. வகுப்பு வாங்கில் அமர்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் ஊதிய புத்தகங்களையும் கழன்ற அட்டைகளையும் அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"என்ன மாஸ்ரர், இதில மாம்பழச் சாறு?"

"மாம்பழக் காலத்தில வாசிச்சது, சேர்."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு புத்தகத்தைக் காணேல்லை. மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும்" என்றார். ஐயாவின் முகம் கறுத்ததை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஐயாவை வேறு பாடசாலைக்கு மாற்றிவிடுவார்களோ என்று பயந்தேன்.

வித்தியாதரிசி வந்த சேதி ஊருக்குள் போயிருக்கவேண்டும்; வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. அந்தப் பிள்ளையின் தகப்பனார் புத்தகத்தை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"வாத்தியார், துரைக்குக் காட்டிப்போட்டு உடன தாங்கோ. எருமை கன்று போடப்போகுது. அந்தப் பாடம் இன்னும் வாசிக்கேல்லை."

"நீர் வாசிப்பீரோ?" என்று கேட்டார் வித்தியாதரிசி.

"எனக்கு எழுத்துத் தெரியாது துரை. மகள் வாசிப்பாள், நான் கேப்பன்."

வித்தியாதரிசி மகளை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொன்னார். அவள் தடக்கித் தடக்கி வாசித்தாள். ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். எழுத்தறியாத தகப்பன் பின்னாலிருந்து, "மடிவீக்கம், பிள்ளை. அடுத்தது வெந்நீர் ஒத்தணம்" என்றார். வகுப்பே சிரித்தது. வித்தியாதரிசியும் வாய்விட்டுச் சிரித்து, புத்தகத்தைத் தன் கையாலேயே தகப்பனிடம் கொடுத்தார். அடுத்த பள்ளித் தவணையில் அவர் அனுப்பிய ஒரு பெட்டி புதுப் புத்தகங்கள் ரயிலில் வந்தன. வாசிப்பு ஏறாதென்ற அந்தப் பிள்ளை இன்று ஓர் ஆசிரியை.

ஓய்வு பெற்ற பின்பும் ஐயா வாரம் இரண்டு நாள் சைக்கிளில் பாடசாலைக்குப் போய்வந்தார். இறுதியில் நெஞ்சு வருத்தம் கண்டு வவுனியா ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டிவிட்டு, மத்தியானம் கண்ணயர்ந்தவர் பிறகு எழும்பவில்லை.

ஐயாவைப் பார்த்த வைத்தியருக்கும் தாதிமாருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், துக்கம் காத்த எட்டு நாளும் சோறு கொண்டுவந்த அயலவர்களுக்கும், தூர இடங்களிலிருந்து வந்த பழைய மாணவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி. யாரையாவது மறந்திருந்தால் வீட்டுக்கு வந்து என்னை ஏசுங்கள். அம்மா தேத்தண்ணி போட்டுத் தருவா. அவாவுக்கும் இப்போது கதைக்க ஆள் வேண்டும்.