மன்றத்தை ஏற்றுக்கொண்டவர்

இது கதை இல்லை. கதை எழுதுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. எழுதிப் பிழைக்கிறவர்கள் மீது மரியாதையும் கிடையாது. 1958ஆம் வருஷம், போன வைகாசியில், காரைக்காலில் என் கண்ணெதிரே நடந்தது இது. பேய், பிசாசு என்று யாராவது சொன்னால் முகத்துக்கு நேரே சிரிக்கிற ஆள் நான். இப்போது சிரிப்பதில்லை.

எங்கள் ஊர் நற்பணி மன்றத்துக்கு நான் செயலாளர். நற்பணி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ரொட்டி கொடுப்போம். கொடுக்கும்போது போட்டோ எடுத்துக்கொள்வோம். தலைவர் ஹமீது மரைக்காயர், அரிசி மண்டிக்காரர். பிரெஞ்சுக்காரன் கப்பலேறி நாலு வருஷம் ஆகியும், தண்ணீர் கொடுத்தால்கூட ‘மெர்சி’ என்று பிரெஞ்சிலேயே நன்றி சொல்வார். மேடையில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்.

புதுச்சேரித் தலைமை மன்றம் எங்களைக் கிளையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அதை முடிவுசெய்யக் கைலாசநாதன் என்பவர் வருவதாக இருந்தது. அவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. கூட்டம் நிறைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மன்றத்தை மூடிவிட வேண்டியதுதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். மூடினால் கடைத்தெருவில் தலைகாட்ட முடியாது.

இந்த லட்சணத்தில் தலைவர் பேச்சாளராகப் பிடித்து வந்தது யாரை? கவிச்சிங்கம் வைத்தியலிங்கத்தை. பட்டம் அவரே வைத்துக்கொண்டது. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. ஊரில் யார் செத்தாலும் இரங்கல் பாட்டு எழுதி அச்சடித்துக் கொடுப்பதுதான் தொழில். முப்பது வருஷமாக ஒரே பாட்டு! பெயரை மட்டும் மாற்றுவார். இந்து என்றால் ‘சிவபதம்’, முஸ்லிம் என்றால் ‘சுவனபதி’. அவ்வளவுதான் வித்தியாசம். நெரவியிலிருந்து திருவேட்டக்குடி வரை எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அதே பாட்டு கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. அழுதுகொண்டிருக்கிறவன் ஒப்பிட்டா பார்க்கப்போகிறான்?

கூட்டம் ஆறரை மணிக்கு. அரசலாற்றுப் பக்கம் தலைவருடைய பழைய கிடங்கில் ஜமுக்காளம் விரித்து, பெட்ரோமாக்ஸ் ஏற்றினேன். ஆறே முக்கால் ஆயிற்று. ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. புழுக்கம் வேறு. எரிச்சலில் கவிஞர் மேல் பாய்ந்தேன்.

“உம்ம பேச்சைக் கேக்க எவன்யா வருவான்? உம்ம பாட்டுக்கு உரியவன் எல்லாம் மண்ணுக்குள்ள கெடக்கான்.”

அவர் கோபப்படவில்லை. துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“என் பாட்டு மேல ஆசை உள்ளவங்களும் இருக்காங்க தம்பி. வருவாங்க.”

என்ன நினைப்பு பாருங்கள் இந்த மனுஷனுக்கு! வெளியே போய்த் தெருவைப் பார்த்தேன். யாரும் இல்லை. ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகியிருக்காது. திரும்பி உள்ளே வந்தால்...

ஜமுக்காளம் நிறைந்திருந்தது.

அறுபது பேராவது இருக்கும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பின்வாசல் வழியாக வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பாட்டைக் கேட்கவும் இத்தனை வேலையற்றவர்களா என்று உள்ளுக்குள் சிரிப்பு. ஆனாலும் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

மேடையருகே வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக ஒருவர் நின்றிருந்தார்.

“வாங்க, வாங்க கைலாசநாதன் ஐயா!” என்று தலைவர் ஓடினார். வந்தவர் மறுக்கவில்லை. தலைவரின் கையைக் குலுக்கினார். “மெர்சி, மெர்சி” என்று இளித்தார் தலைவர். பிறகு வந்தவர் என் கையைப் பிடித்தார், பிடித்தபடியே நின்றார். அத்தனை புழுக்கத்திலும் அந்தக் கை கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது.

“நல்ல கூட்டம்... உங்களை ஏத்துக்கிட்டாச்சு.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. கவிஞர் தலையைக் குனிந்து கும்பிட்டபடி பக்கத்திலேயே நின்றார். வந்தவர் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் எனக்குப் பரம திருப்தி.

ஏழு மணி. கவிச்சிங்கம் கர்ஜிக்க ஆரம்பித்தது. தமிழைத் தாய் என்றது, தேன் என்றது, வேறு என்னென்னவோ என்றது. தலைவர் தூங்கிவிட்டார். புதுச்சேரிக்காரர் எனக்கு வலப்பக்கம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் ஒன்று உறுத்தியது. என்னைக் கொசு பிடுங்குகிறது. கீழே ஒருவர்கூடக் கையை உதறவில்லை. யாரும் விசிறிக்கொள்ளவில்லை. ஓர் இருமல் இல்லை. அறுபது பேரும் வாயைத் திறக்காமல் கவிஞரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலைப் பார்த்தேன். செருப்புகள் கிடந்தன. மூன்றே ஜோடி.

தலைவருடையது. கவிஞருடையது. என்னுடையது.

கவிஞர் தொண்டையைக் கனைத்தார். தன் புகழ்பெற்ற பாட்டைப் பாடப்போவதாகச் சொன்னார். பாடினார்.

“பொன்னாய் மணியாய் ஒளிர்ந்தவரே
புகழைப் புவியில் விதைத்தவரே...”

கீழே உதடுகள் அசைந்தன. எல்லா உதடுகளும். சேர்ந்து பாடினார்கள்... ஒரே குரலாக... ஓர் எழுத்துப் பிசகாமல்.

“என்ன பிழைதான் யாம்செய்தோம்
எம்மைப் பிரிந்து சென்றீரே...”

அடுத்த அடியில்தான் பெயர் வரும். கவிஞர் அங்கே நிறுத்தினார்.

அவர்கள் நிறுத்தவில்லை.

ஒரே குரல் அறுபது குரலாக உடைந்தது. அஞ்சுகம்... மாரிக்கண்ணு... நபீசா... திரிபுரசுந்தரி... ஆளுக்கு ஒரு பெயர்.

ஆஸியா பீவி...

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் இடியாப்பம் விற்றவர். தை மாதம் அடக்கம் செய்தோம். நானும் போயிருந்தேன்.

அவரவர் தன் பெயரைத்தான் சொல்கிறார்...

வலப்பக்கம், என் காதருகே, மெதுவாக ஒரு குரல்.

“மருதையன்...”

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

புஸ்... என்று பெட்ரோமாக்ஸ் இறங்கியது. இருட்டு.

தட்டுத்தடுமாறிக் காற்றடித்து மறுபடி ஏற்றினேன்.

ஜமுக்காளத்தில் யாரும் இல்லை. ஒரு சுருக்கம்கூட இல்லை. வலப்பக்க நாற்காலி காலி.

கவிஞர் மேடையில் தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். தலைவர் அப்போதுதான் கண் விழித்தார். “எல்லாரும் போயாச்சா? ஐயா பஸ்ஸுக்குக் கௌம்பிட்டாரா? அதான் ஏத்துக்கிட்டோம்னு சொல்லிட்டாரே தம்பி, மெர்சி!” என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

இரவு முழுக்க எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். புழுக்கம், பசி, மயக்கம். விடிந்ததும் பாதி நம்பியும்விட்டேன்.

காலை பதினொரு மணிக்கு ஒரு குட்டை மனிதர் பெட்டியோடு என் வாசலில் நின்றார்.

“நான்தாங்க கைலாசநாதன். நேத்து சீர்காழிக்கிட்ட பஸ் நின்னு போச்சு. ராத்திரி அங்கேயே தங்கும்படி ஆயிட்டுது. மன்னிக்கணும். கூட்டத்தை இன்னொரு நாள் வச்சுக்கலாங்களா?”

அவரை அப்படியே விட்டுவிட்டுத் தலைவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் கூட்டம். உள்ளே அழுகுரல். ஓரமாகக் கவிஞர் நின்றிருந்தார். பாட்டு எழுத ஆள் அனுப்பி வரவழைத்திருந்தார்கள்.

“தலைவருக்கு ராத்திரி மூணு மணிக்கு மூச்சு நின்னு போச்சாம்” என்றார். “நல்லாத்தான் இருந்திருக்காரு.”

அவரை ஓரமாக இழுத்தேன்.

“மருதையன்னா யாருங்க?”

கவிஞரை நான் ‘ங்க’ போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை.

“நெடுங்காட்டு மிராசுங்க. அந்தப் பாட்டை மொதமொதல்ல அவருக்குத்தான் எழுதுனேன். உசுரோட அவரை நான் பார்த்ததில்ல. மத்தவங்க எல்லாருக்கும் அவரு பாட்டைத்தான் குடுத்தேன்.”

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நேத்து எங்கிட்ட அந்த மனுஷன் கை குடுக்கல. தலைவருக்குக் குடுத்தாரு, அதப் பார்த்தேன். அப்புறம் கும்பிட்டுக் குனிஞ்சுட்டேன். தம்பி... உங்களுக்கும் குடுத்தாரா?”

வலது கையை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டேன். தலைவரின் கையை வந்தவர் ஒரே குலுக்கில் விட்டுவிட்டார். என் கையைத்தான் வெகுநேரம் விடாமல் பிடித்திருந்தார்.