அக்கா லைனில் இருக்கிறாள்

என் அக்காவுக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. யாருக்கு மூச்சு முட்டினாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். "பதறாதீங்க. மூச்சை மெதுவா விடுங்க. நான் லைன்லதான் இருக்கேன்." வண்டி போய்ச் சேரும்வரை போனை வைக்கக் கூடாது என்பது அங்கே விதி. அந்த நாற்காலி என்றால் அவளுக்கு உயிர்.

ஆனால் அந்தக் குரலை வீட்டுக்கு மட்டும் கொண்டுவர மாட்டாள், மகராசி! குக்கர் விசில் அடித்தாலே அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். நான் போன் செய்தால், "யாருக்கு என்ன ஆச்சு? அட்ரஸ் சொல்லுங்க" என்பாள்.

"நான்தான்க்கா, உன் தங்கச்சி. எனக்கு ஒரு கேடும் இல்லை!"

அவள் கணவர், என் மாமா, வீட்டிலேயே துணி தைப்பவர். அவர்தான் அவளை டாக்டரிடம் இழுத்துப் போனார்.

"ஆபத்துன்னா உடம்பு கார்ட்டிசோல்னு ஒரு ஹார்மோனை ஏத்தும். ஆபத்து போனதும் அது இறங்கணும். உங்க உடம்பு வீட்டுக்கு வந்தும் டியூட்டியிலேயே இருக்கு. இப்படியே போனா இதயம் தாங்காது" என்றார் டாக்டர். மாத்திரை, நடை, தூக்கம் எல்லாம் சொன்னார். "அடுத்த தடவை பிரஷர் இறங்கலைன்னா, அந்த வேலையை விட்டுடுங்க."

அக்காவின் முகம் வாடிவிட்டது. அன்றிலிருந்து நிம்மதியையும் அவசர வேலையாக ஆக்கிக்கொண்டாள். திருடனைத் துரத்துவது போல நடந்தாள். கண்ணை மூடி உட்கார்ந்தால், ஒற்றைக் கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்து, "ஏன் இன்னும் இறங்கலை?" என்று அதை அதட்டினாள்.

"நீ ஓய்வெடுக்கிற லட்சணத்தைப் பார்த்தா எனக்கே பிரஷர் ஏறுதுக்கா!" என்று கத்தினேன்.

மாமா தையல் மெஷினை நிறுத்திவிட்டு உள் அறைக்குப் போய், அங்கிருந்தே அவளுக்குப் போன் செய்தார்.

"மேடம், இங்க ஒரு அம்மாவுக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. எனக்குப் பயமா இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் பழக்கம் விடுமா? குரல் தானாகத் தணிந்தது. "பதறாதீங்க. அவங்களை உட்கார வைங்க. மூச்சை மெதுவா இழுக்கச் சொல்லுங்க. இன்னும் மெதுவா விடச் சொல்லுங்க." சொல்லச் சொல்ல அவளும் கூடவே மூச்சு விட்டாள். விறைத்திருந்த தோள்கள் இறங்கின. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பின் அவள் வேலை முடிந்து வரும்போதெல்லாம் உள் அறையிலிருந்து அந்தப் போன் வந்தது.

அடுத்த பரிசோதனையில் பிரஷர் இறங்கியிருந்தது. "தாராளமா வேலைக்குப் போங்க" என்றார் டாக்டர். இனி அந்தப் போன் தேவைப்படாது என்று மாமா அன்று தைத்துக்கொண்டே இருந்தார். அக்கா காத்திருந்து பார்த்துவிட்டு, தானே அவருக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அந்த அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

மாமா போனைக் காதில் வைத்தபடியே எழுந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆள் வந்து சேர்ந்தாச்சு மேடம்."

அதற்குப் பிறகுதான் அக்கா போனை வைத்தாள்.