மண் கொட்டாத மனை

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது மல்லிகா அக்காவின் வீட்டுக்காரர் சேகர் மாமா போன் செய்தார். "மல்லிகா பூட்டாம்மா" என்றார். அக்கா இறந்துவிட்டார். நான் வண்டியில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நானும் மல்லிகா அக்காவும் ஒரே மேசையில் சுவிட்சு பாகங்களைக் கோத்தவர்கள். கள்ளிக்குப்பத்தில் இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்கு அவரைக் 'கோரை மல்லிகா' என்றுதான் தெரியும். கேலியாக வைத்த பெயர். பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது.

சொந்த வீடு கட்ட அக்காவும் மாமாவும் இங்கே ஒரு கோடையில் மனை வாங்கினார்கள். முதல் மழையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. மனை பள்ளம்; தெருத் தண்ணீர் முழுவதும் அதில் இறங்கித்தான் பக்கத்துக் குட்டைக்குப் போகிறது. லாரி மண் கொட்டி உயர்த்திக் கட்டச் சொன்னார்கள் எல்லோரும். அக்கா பின்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார். "நான் மேடு பண்ணா அந்தத் தண்ணி காஞ்சனா ஊட்டுக்குள்ள பூரும். அவ புள்ளைங்கள தரையில படுக்க வச்சிகினு கீறா" என்றார். காஞ்சனாவை அவருக்கு அன்றுதான் தெரியும்.

வீடு கட்டுவதை விட்டுவிட்டு, தெருவின் சோப்புத் தண்ணீர் வந்து விழும் பக்கத்தில் கல்வாழை நட்டார். நசரத்பேட்டைப் பக்கமிருந்து கோரை கொண்டுவந்து ஊன்றினார். அழுக்கும் சேறும் வேர்களில் தங்கிவிட, தண்ணீர் மெல்லத் தெளிந்து குட்டைக்குப் போனது. நாற்றம் குறைந்தது. பின்தெருக் கைப்பம்பு கோடையிலும் வற்றவில்லை.

சேகர் மாமாவுக்கு மனம் ஆறவில்லை. "சொந்த ஊடுன்னு ஆசப்பட்டு வாங்கனது. இவ புல்லு வளத்துகினு கீறா" என்று என்னிடம் முறையிட்டார். அக்கா சிரித்தார். "நமக்கு வாடகைக்காவது ஊடு கெடைக்கிது. தண்ணிக்கு யாரு எடம் குடுப்பா?"

அன்று மாலை ஷேர் ஆட்டோவில் அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார். சமையலறை எந்தத் திசையில், பூஜை மாடம் எங்கே என்பதுவரை யோசித்து வைத்திருந்தவர்.

பிறகு ஒரு கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. போய்ப் பார்த்தேன். மனை நிறைந்து குளம்போல் நின்றது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஒருவர், குட்டைக்குப் போகும் வழியை அடைத்த பிளாஸ்டிக் பைகளை இழுத்துக்கொண்டிருந்தார். சேகர் மாமா. அவர் தலைக்குக் குடை பிடித்தபடி அக்கா நனைந்துகொண்டிருந்தார். "நான் கூப்புடல. அவரே வந்தாரு" என்றார், பெருமை தாங்காமல். பின்தெருவில் தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. எந்த வீட்டுக்குள்ளும் ஏறவில்லை.

கடைசிவரை வாடகை வீடுதான். செவ்வாயன்று அங்கே அவரைக் கிடத்தி, வந்தவர்களை உட்கார வைக்க இடம் போதவில்லை. காஞ்சனா வந்தார். "எங்க வாசல்ல வைங்கண்ணே. இது எங்க ஊட்டு சாவு" என்றார். பின்தெருவில்தான் பந்தல் போட்டோம். அங்கிருந்துதான் அக்கா புறப்பட்டார்.

மழை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போகிறவளாகத்தான் நான் இருந்தேன். நேற்றுத் தூறல் பிடித்ததும் தெருவில் இறங்கி, என் வீட்டுத் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்த பழக்கம் அது. இனி அது என்னுடையது.